வழிநூலின் கடமை
‘ஸ்டார் டிரெக் வாயேஜர்’ தொடர் பற்றிய திறனாய்வு

நூல்களை முதல்நூல் என்றும் வழிநூல் என்றும் பகுத்துக் கண்டவர் பண்டைத் தமிழ் இலக்கண ஆசிரியர். முதல்நூலின் வழியே செல்வது வழிநூல். எனினும், ஒருவர் காட்டிய வழியே நடப்பது வேறு. அவர் பதித்த அடிச்சுவட்டின்மேல் அடிவைத்து நடப்பது வேறு. பின்வந்த ஆசிரியன் தனக்கு வேண்டும் வேறுபாடுகளை அமைத்துக்கொள்ளலாம் என்று நன்னூலார் உரிமை அளித்துள்ளார். அதனை உரிமை என்பதினும் கடமை என்பதே பொருந்தும். மாதவியின் மகளைத் தலைவியாகக் கொண்டு எழுந்தது மணிமேகலை. கதைத் தொடர்பால் அதனையும் சிலப்பதிகாரத்தையும் இரட்டைக் காப்பியங்கள் என்கிறோம். ஆயினும், மணிமேகலையைக் கற்றவர் எவரும் சிலம்பை மீண்டும் ஒருமுறை கற்றதாக எண்ணுவதில்லை. சிலம்பு நீதி கேட்டு நின்றது. மணிமேகலை பசி தீர்க்கப் புறப்பட்டது. உறவு ஒன்றாயினும் நோக்கம் வேறு.

இந்த அளவுகோல் காப்பியங்களுக்கு மட்டும் உரியதன்று. இல்லந்தோறும் நுழைந்துவிட்ட தொலைக்காட்சித் தொடர்களுக்கும் அது பொருந்தும். ஒரு தொடர் புகழ்பெற்றால் அதன் கிளையாக மற்றொரு தொடரைப் படைப்பது அமெரிக்கத் தொலைக்காட்சியின் நெடுநாளைய வழக்கம். கிளை தனக்கென ஒரு நிழலைத் தருகின்றதா, அல்லது மரத்தின் நிழலிலேயே ஒதுங்கி நிற்கின்றதா என்பதே திறனாய்வாளர் கேட்கவேண்டிய வினா. 1995 முதல் 2001 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான ‘ஸ்டார் டிரெக் வாயேஜர்’ என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடர் இவ்வினாவிற்கு ஏற்ற எடுத்துக்காட்டு.

தொடர்களின் மரபு

ஜீன் ராடன்பெரி படைத்த முதல் ‘ஸ்டார் டிரெக்’ 1966இல் தொடங்கி 1969இல் முடிந்தது. மொத்தம் 79 கதைகள். ‘என்டர்பிரைஸ்’ என்னும் விண்கப்பல் புதிய உலகங்களைக் கண்டு வருவதே அதன் பொருள். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1987இல், அதன் வழித்தோன்றலாக ‘அடுத்த தலைமுறை’ எனப் பொருள்படும் ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ வந்தது. ஏழு ஆண்டுகளில் 178 கதைகளை அளித்து 1994இல் அது நிறைவெய்தியது. ஆயிரவர்க்கு மேற்பட்டோர் குடும்பத்தோடு வாழும் பெருங்கப்பல். நூலும் இசையும் அறிந்த தலைவர். வாரத்திற்கு ஒரு சிக்கல். வார இறுதியில் அதற்கொரு தீர்வு. இதுவே அத்தொடரின் அமைப்பு. அமைதியும் வளமும் நிறைந்த ஓர் உலகைக் காட்டுவதற்கு அவ்வமைப்பு முற்றிலும் இயைந்ததாக இருந்தது.

இதற்கிடையில், 1993இல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ என்னும் மற்றொரு கிளை தோன்றியது. அதன் களம் கப்பலன்று. ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் விண்நிலையம். கப்பலில் செல்வோர் தம் செயலின் விளைவை விட்டு அகலலாம்; நிலையத்தில் இருப்போர் அவ்வாறு அகல இயலாது. இன்று பகைத்தவன் நாளை அதே கடைவீதியில் எதிர்ப்படுவான். இந்த ஒரு மாற்றத்திலிருந்தே அத்தொடரின் அரசியலும் சமயமும் போரும் கிளைத்தன. களத்தை மாற்றியவர் கதையின் இயல்பையே மாற்றினர்.

இம்மரபில் அடுத்து வந்ததே ‘வாயேஜர்’. ரிக் பெர்மன், மைக்கேல் பில்லர், ஜெரி டெய்லர் ஆகிய மூவரும் அதனைப் படைத்தனர். மூவருமே ‘அடுத்த தலைமுறை’யில் பணியாற்றிப் பயின்றவர்கள். யூ.பி.என். என்னும் புதிய தொலைக்காட்சி நிறுவனம் 1995 ஜனவரி 16இல் தன் ஒளிபரப்பை இத்தொடரைக் கொண்டே தொடங்கியது. ஏழு பருவங்களில் 172 கதைகள் வெளிவந்தன. ‘ஸ்டார் டிரெக்’ வரிசையில் ஒரு பெண் கப்பல் தலைவியாகி முதன்மை ஏற்ற முதல் தொடர் இதுவே. கேத்ரின் ஜேன்வே என்னும் அப்பாத்திரத்தைக் கேட் மல்குரூ ஏற்று நடித்தார்.

விதையில் இருந்த வளம்

தொடரின் குறையைக் கூறுமுன், அதன் விதை எத்துணைச் சிறந்தது என்பதை உணர்தல் வேண்டும். கிளர்ச்சிக்காரர் கப்பல் ஒன்றைத் துரத்திச் செல்கிறது ‘வாயேஜர்’. இனந்தெரியாத ஓர் ஆற்றல் இரு கப்பல்களையும் எழுபதாயிரம் ஒளியாண்டுத் தொலைவில் வீசி எறிகின்றது. முழு வேகத்தில் சென்றாலும் வீடு திரும்ப எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகும். திரும்புவதற்கு வழி ஒன்று உண்டு. அவர்களை அங்கே கொணர்ந்த பொறியே மீண்டும் கொண்டுசேர்க்கவும் வல்லது. ஆனால், அது பகைவர் கையில் சிக்கினால், ஒகம்பா என்னும் எளிய இனத்தவர் அழிவர். ஜேன்வே அப்பொறியை அழிக்கிறாள். தான் அறியாத மக்களைக் காக்கும்பொருட்டுத் தன்னை நம்பியவர்களின் இல்லத்தை அவர்களுக்கு இல்லாமற் செய்கிறாள்.

இஃது அறத்தின்பாற்பட்ட செயல். அறம் என்பது விலையில்லாமல் கிடைக்கும் பொருளன்று. ஒரு தலைவி அறம் செய்ய, அதன் விலையைச் சுமார் நூற்றைம்பது பேர் ஆயுள் முழுவதும் செலுத்துகின்றனர். இதனினும் வலிய கதைக்கரு முன்னைய தொடர்களில் எதற்கும் வாய்க்கவில்லை எனலாம்.

இக்கருவிலிருந்து மூன்று வாக்குறுதிகள் இயல்பாகவே எழுகின்றன. முதலாவது, பற்றாக்குறை; துறைமுகம் இல்லாத கப்பலில் எதுவும் தீர்ந்துபோகும். இரண்டாவது, பூசல், பகைவராக இருந்த இரு கூட்டத்தார் ஒரே கப்பலில் வாழவேண்டும். மூன்றாவது, தனிமை, பழகிய முகம் எதுவும் அங்கே எதிர்ப்படாது. இம்மூன்றும் ‘அடுத்த தலைமுறை’யில் இல்லாதவை. ஆதலின், இவற்றைக் காத்திருந்தால் போதும். புதிய தொடருக்குப் புதுமையைத் தேடி வேறெங்கும் செல்லவேண்டியதில்லை.

பற்றாக்குறை என்ன ஆயிற்று?

தொடக்கக் கதைகள் இவ்வாக்குறுதியை நினைவில் வைத்திருந்தன. உணவு ஆக்கும் கருவிகளுக்குப் பங்கீடு விதிக்கப்பட்டது. தலைவியின் உணவறை பொதுச் சமையற்கூடமாகியது. காய்கறித் தோட்டம் வளர்க்கப்பட்டது. ஜேன்வே தனக்குப் பிரியமான காப்பியையும் துறந்தாள். கப்பலில் இருப்பவை முப்பத்தெட்டு டார்ப்பிடோக்கள் என்றும், அவை தீர்ந்தால் வேறு பெற வழியில்லை என்றும் முதற்பருவத்திலேயே கூறப்பட்டது.

காலம் செல்லச் செல்ல, அந்த எண்ணிக்கையை எழுதியவர்களே மறந்தனர். முப்பத்தெட்டைக் கடந்தும் டார்ப்பிடோக்கள் பாய்ந்துகொண்டே இருந்தன. சிறு படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. அடுத்த வாரம் வேறொன்று ஆயத்தமாக நின்றது. உணவைப் பங்கிட்டு உண்ணும் கப்பலில், பொழுதுபோக்கிற்குரிய மாயக்காட்சிக் கூடம் மட்டும் ஓயாது இயங்கியது. அதன் ஆற்றல் வேறு வகையது, பிறவற்றிற்குப் பயன்படாது என்று ஒரு வரியில் அமைதி கூறப்பட்டது. முன்னைய தொடரில் அக்கூடம் இருந்தது. ஆகவே இங்கும் இருக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் காண்பதற்கில்லை.

1997இல் வந்த ‘நரக ஆண்டு’ என்னும் இருபகுதிக் கதை இத்தொடர் எவ்வாறு இருந்திருக்கலாம் என்பதைக் காட்டுகின்றது. கப்பல் சிறிது சிறிதாகச் சிதைகின்றது; தளங்கள் மூடப்படுகின்றன; டூவாக் கண்ணொளி இழக்கிறான்; தலைவி எரிகாயங்களோடு கப்பலைச் செலுத்துகிறாள். காண்போர் நெஞ்சு துடிக்கின்றது. இறுதியில் காலம் பின்னோக்கித் திருப்பப்படுகின்றது. எல்லாம் நிகழாதவை ஆகின்றன. எவர் நினைவிலும் எதுவும் இல்லை. நரகத்தில் ஓராண்டு கழித்தவர்கள் மேனியில் ஒரு தழும்பும் இல்லாமல் அடுத்த வாரம் சிரித்த முகத்தோடு தோன்றினர்.

பூசல் என்ன ஆயிற்று?

மாக்கி எனப்படும் கிளர்ச்சிக்காரர்களின் கதையை 1994ஆம் ஆண்டிலேயே முன்னிரு தொடர்களிலும் விதைத்து வைத்தனர். எல்லை உடன்படிக்கையால் வீடிழந்து, கூட்டமைப்பையே எதிர்த்துப் படைக்கலம் எடுத்தவர்கள் அவர்கள். இத்துணை முன்னேற்பாட்டோடு வளர்த்த பகையைப் புதிய தொடர் எத்துணைக் காலம் பேணியது? முதற்கதையின் முடிவிலேயே கிளர்ச்சிக்காரர்கள் விண்படையின் சீருடையை அணிந்துவிட்டனர்! கிளர்ச்சித் தலைவன் சக்கோட்டே துணைத்தலைவன் ஆனான். பொறியியல் தலைமை யாருக்கு என்பது பற்றி ஒரு கதை; ஒழுங்கிற்கு அடங்காத சிலரைப் பயிற்றுவது பற்றி ஒரு கதை; செஸ்கா என்பவளின் இரண்டகம் பற்றிச் சில கதைகள். அவற்றோடு பூசல் பெரும்பாலும் ஓய்ந்தது.

ஓய்ந்த பூசல் பின்னர் இருமுறை தலைகாட்டியது. 1997இல் வந்த ஒரு கதையில் மாக்கியர் கலகம் செய்து கப்பலைக் கைப்பற்றுகின்றனர். ஆனால், அது மாயக்காட்சிக் கூடத்தில் நிகழும் நாடகம். அதனைப் பயிற்சிக்காக எழுதியவன் டூவாக். கப்பலில் உள்ளோர் அந்நாடகத்தின் முடிவை அறிய ஆவலோடு போட்டியிடுகின்றனர்! காண்போர் மூன்றாண்டுகளாக எதனை எதிர்பார்த்தார்களோ, அதனையே பாத்திரங்களும் பொழுதுபோக்காக விரும்பினர் என்பது தொடர் தன்னை அறியாமல் தந்த ஒப்புதல் வாக்குமூலம். 2000இல் வந்த மற்றொரு கதையில் மாக்கியர் உண்மையாகவே கலகம் செய்கின்றனர். ஆனால், வேறொருவன் அவர்தம் மனத்தை வசியம் செய்து ஏவியதால். முதன்முறை நாடகம், மறுமுறை மயக்கம். தன் உள்ளத்து வேறுபாட்டால் மாறுபட்டு நிற்கும் மனிதரைக் காணோம்.

தனிமை என்ன ஆயிற்று?

எழுபதாயிரம் ஒளியாண்டுக்கு அப்பாலும் பழைய உறவினர் வந்துகொண்டே இருந்தனர். எல்லாம் வல்ல ‘கியூ’ வந்தான். வாணிகக் குறும்பரான ஃபெரங்கியர் வந்தனர். பூவுலகிலிருந்து ‘அடுத்த தலைமுறை’யின் பார்க்லியும் ட்ராயும் 1999இல் தொடர்பு கொண்டனர். 2001இல் கிளிங்கான் கப்பல் ஒன்றும் எதிர்ப்பட்டது. அயலூருக்குச் சென்றவன் ஒவ்வொரு தெருமுனையிலும் தன் ஊராரையே கண்டால், அவன் அயலூர் சென்றான் என்று சொல்வது எங்ஙனம்?

‘போர்க்’ எனப்படும் இயந்திர மனிதர் இனத்தை இங்கே தனியே குறிப்பிடவேண்டும். அவர்கள் வாழ்வது அந்தத் தொலைப்புலமே. ஆதலின் அவர்கள் வருகையில் தவறில்லை. தவறு வேறிடத்தில் உள்ளது. 1990இல் ‘அடுத்த தலைமுறை’ காட்டிய கதையில், அவ்வினத்தின் ஒரே கப்பல் கூட்டமைப்பின் சுமார் நாற்பது கப்பல்கள் கொண்ட படையை அழித்தது. அவர்களோடு பேச்சில்லை, பேரமில்லை, அதனாலேயே அச்சம் பெரிதாயிற்று. ‘வாயேஜர்’ தொடரிலோ, துணையற்ற ஒரு சிறு கப்பல் அவர்களை மீண்டும் மீண்டும் வென்றது. 1999இல் அவர்களிடமிருந்து பொறியைத் திருடவும் துணிந்தது. புலியைப் பன்முறை காட்டிப் பூனையாக்கிய கதை இது. முன்னோர் தேடிவைத்த செல்வத்தைப் பின்னோர் செலவழித்தனரேயன்றிப் பெருக்கவில்லை.

முடிவிலும் இதே நிலைதான். 1994இல் ‘அடுத்த தலைமுறை’ முடிந்தபோது, முதுமையும் நோயும் உற்ற தலைவர் எதிர்காலத்தில் தோன்றினார். காலங்களுக்கிடையே கதை சென்று வந்தது. 2001இல் ‘வாயேஜர்’ முடிந்தபோதும் எதிர்காலத்திலிருந்து முதிய ஜேன்வே வந்தாள், காலத்தை மாற்றினாள், கப்பலை வீடு சேர்த்தாள். கப்பல் பூவுலகை நெருங்கும் காட்சியோடு தொடர் நின்றுவிட்டது. ஏழாண்டுகள் வீட்டையே நினைந்து ஏங்கியவர்கள் வீட்டு வாயிலை மிதித்த காட்சி காட்டப்படவில்லை.

நிறைகளை மறைத்தல் தகாது

குறை கூறுமிடத்து நிறையையும் கூறுதல் நடுவுநிலைமை. ராபர்ட் பிக்கார்டோ நடித்த ஒளியுருவ மருத்துவர் ‘ஸ்டார் டிரெக்’ உலகின் சிறந்த பாத்திரங்களுள் ஒருவர். 1997இல் வந்துசேர்ந்த ‘செவன் ஆஃப் நைன்’ என்பவளும் அத்தகையவளே. ‘போர்க்’ இனத்திலிருந்து மீட்கப்பட்டவள். ஆனால், மீட்சியைத் தான் வேண்டாதவள். மனிதர் அல்லாதார் மனிதத்தன்மையைக் கற்கும் இக்கரு முன்னைய தொடரின் இயந்திர மனிதன் டேட்டாவிடமிருந்து வந்ததே. ஆயினும், டேட்டா மனிதனாக ஏங்கினான். இவளோ மனிதத்தன்மையை ஐயுற்றாள். இங்கே வழிநூல் வேறுபாடு காட்டியது; வேறுபாடு காட்டிய இடத்தில் வெற்றியும் கண்டது.

1998இல் வந்த ‘உயிருள்ள சாட்சி’ எனப் பொருள்படும் கதையில், எழுநூறு ஆண்டுகள் கழித்து ஓர் அருங்காட்சியகத்தில் மருத்துவரின் படி விழித்தெழுகின்றது. அங்கே ‘வாயேஜர்’ கொடியோர் கப்பலாக வரலாற்றில் எழுதப்பட்டிருக்கின்றது. வரலாற்றை எழுதுவோர் யார், அதனைத் திருத்தும் உரிமை எவர்க்கு என்னும் வினாக்களை அக்கதை எழுப்புகின்றது. ஆசிரியப் பணியில் இருப்போர் காணத்தக்க கதை அது.

எல்லாவற்றினும் ஆழமானது 1999இல் வந்த ‘லேட்டன்ட் இமேஜ்’ என்னும் கதை. இருவர் ஒரே வகைக் காயத்தால் உயிருக்குப் போராடுகின்றனர். ஒருவரைக் காக்கவே காலம் உண்டு. மருத்துவர் தம் நண்பன் ஹாரி கிம்மைத் தேர்ந்து காக்கிறார், மற்றவள் இறக்கிறாள். நட்பின் பொருட்டா தேர்ந்தேன் என்னும் வினா அவர் மனத்தைச் சிதைக்கின்றது. ஜேன்வே அவர் நினைவிலிருந்து அந்நிகழ்ச்சியை அழித்துவிடுகிறாள். மருத்துவர் பழையபடி சிரித்துப் பணிபுரிகிறார். பின்னர் உண்மை வெளிப்படும்போது, தான் செய்தது தவறென்று அவளே உணர்கிறாள். துன்பத்தை நினைவில் வைத்துப் போராடி அதனைக் கடப்பதே உயிருள்ள ஒன்றின் உரிமை என்று அறிந்து, அவர் அருகே காத்திருக்கிறாள்.

இக்கதையைத் தொடரின் மேலேயே திருப்பிப் பார்த்தால் அதன் குறை முழுவதும் விளங்கும். மருத்துவரின் நினைவை ஒருமுறை அழித்தது பிழை என்று தொடரே தீர்ப்புக் கூறியது. அதே தொடர், தன் மாந்தர் அனைவரின் நினைவையும் வாரந்தோறும் அழித்துவந்தது! 1996இல் வந்த ஒரு கதையில் கப்பல் இரட்டிக்கின்றது. ஹாரி கிம் இறக்கிறான். மற்றொரு கப்பலின் ஹாரி கிம் வந்து அவன் இடத்தில் அமர்கிறான். தன் பிணத்தின் இடத்தில் அமர்ந்தவன் அதன்பின் அதுபற்றிக் கலங்கியதாகக் கதை இல்லை. ஏழாண்டுகளும் அவன் தொடக்கநிலை அதிகாரியாகவே இருந்து பணிமுடித்தான்.

காரணமும் விடையும்

இவ்வமைப்பிற்கு வாணிகக் காரணம் உண்டு என்பர். ஒவ்வொரு கதையும் தனித்து நின்றால், பின்னர் எந்த வரிசையிலும் மறு ஒளிபரப்புச் செய்யலாம். இடையில் வந்து சேர்பவரும் இடர்ப்படார். புதிய நிறுவனம் ஒன்று தன் முதன்மைத் தொடரில் துணிச்சலை விரும்பாமல், பழகிய வெற்றியையே விரும்பியதும் இயல்பு. இக்காரணம் மெய்யே. ஆயினும், காரணம் கூறுவது குறையை விளக்குமேயன்றி நீக்காது. அதே ஆண்டுகளில், அதே பெருநிறுவனத்தின் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ நெடிய போர்க்கதையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து நடத்தியது.

மற்றொரு சான்றும் உண்டு. ‘அடுத்த தலைமுறை’யிலும் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரிலும் எழுதிய ரொனால்டு டி. மூர், 1999இல் ‘வாயேஜர்’ தொடரில் சேர்ந்து, சிறிது காலத்திலேயே விலகினார். கப்பல் தான் பட்ட துன்பத்தின் வடுக்களைச் சுமக்கவில்லை என்பது அவர் வெளிப்படையாகக் கூறிய குறைகளுள் ஒன்று. பின்னர் 1978ஆம் ஆண்டுப் பழந்தொடர் ஒன்றை அவர் புதுக்கினார். 2003இல் குறுந்தொடராகத் தொடங்கி 2009 வரை வந்த ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ அதுவே. அதில் தண்ணீர் தீர்ந்தால் தாகம் எடுத்தது. உயிர்பிழைத்தோரின் தொகை ஒரு பலகையில் எழுதப்பட்டு, ஒவ்வொரு சாவிற்கும் குறைந்தது. கலகம் எழுந்தபோது மெய்யான மனிதர் மெய்யான காரணங்களுக்காக மாண்டனர். ‘வாயேஜர்’ கைவிட்ட வாக்குறுதிகளை வேறொரு வழிநூல் நிறைவேற்றியது. எனவே, பழங்கதையை எடுத்தாள்வது குற்றமன்று. எடுத்ததை ஆளாமல் விடுவதே குற்றம்.

விலையின் மதிப்பு

சீருடையும் கூடமும் முன்னைய தொடரை ஒத்திருப்பது சிறு குறை. பெருங்குறை எதுவெனில், வளமான கப்பலுக்கென வகுத்த கதையமைப்பை வறுமைப்பட்ட கப்பலுக்கும் மாற்றமின்றிப் பொருத்தியதே. ‘அடுத்த தலைமுறை’யில் வார இறுதியில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புவது இயல்பு, அவர்களுக்குத் திரும்புதற்கு ஒரு நிலை இருந்தது. ‘வாயேஜர்’ மாந்தர்க்கு அது இல்லை. அவர்தம் கதையே, திரும்ப இயலாதவர் கதை.

ஜேன்வே முதற்கதையில் அறத்திற்காக ஒரு விலையை ஏற்றாள். அவ்விலையை அவள் மக்கள் பசியாலும் பகையாலும் தனிமையாலும் நாள்தோறும் செலுத்துவதை நாம் கண்டிருந்தால், அவள் அறம் எத்துணைப் பெரிது என்பது விளங்கியிருக்கும். சில நாள் அவளை வெறுத்திருப்போம்; வெறுத்தபின் வணங்கியிருப்போம். விலையைத் தள்ளுபடி செய்த தொடர், அவள் அறத்தையும் மலிவாக்கிவிட்டது. 1999இல் வந்த ‘ஈக்வினாக்ஸ்’ கதையில், அதே தொலைப்புலத்தில் சிக்கிய மற்றொரு கப்பலின் தலைவன் வீடு திரும்பும் வேட்கையால் உயிர்களைக் கொன்று எரிபொருளாக்குகிறான். அறத்தின் விலையைத் தர மறுத்தவன் அவன். அவனைத் துரத்தும் ஜேன்வேயும் தன் நெறியில் வழுவி, கைதி ஒருவனைச் சாவின் வாயில் நிறுத்துகிறாள். தடுத்த சக்கோட்டேயைப் பதவியினின்றும் நீக்குகிறாள். இரண்டு வாரக் கதையில் அத்துணையும் நிகழ்ந்தது. அதன்பின் அக்கப்பலிலிருந்து வந்து சேர்ந்த ஐவரையும் எவரும் திரையில் கண்டதில்லை.

பின்வந்த ‘என்டர்பிரைஸ்’ தொடர் 2001இல் தொடங்கி, 98 கதைகளோடு 2005இல் நிறுத்தப்பட்டது. 1987 முதல் பதினெட்டு ஆண்டுகள் அறாது ஓடிய ஆறு அன்று வற்றியது. ஒரே சுவையை மீண்டும் மீண்டும் படைத்தால் பசியுள்ளவனும் இலையை மடிப்பான் என்பதற்கு அது சான்று.

முன்னோர்க்குப் பின்னோர் செய்யும் சிறப்பு, அவரைப் போலவே பேசுவதன்று. அவர் பேசாது விட்டதைப் பேசுவது. மாதவியின் மகள் தாயைப்போல் ஆடியிருந்தால், அவளை அரங்கம் சிறிது நேரம் பாராட்டியிருக்கும். அவள் அமுதசுரபியைக் கையில் ஏந்தியதால் காப்பியம் ஆனாள்.